கொண்டைக்குருவி கூடு கட்டிய மான்கொம்பு

மான்கொம்புப் பெரணியைப் பலகையில் எப்படிக் கட்டுவது, எந்தச் சுவரில் மாட்டுவது என்பதையெல்லாம் நம் நர்சரிக் கொட்டகையிலேயே உங்களுக்குக் காட்டிவிடுவார்கள். சீக்கிரமே கை பழகிவிடும். ஆனால் வீட்டுக்கு வீடு போய்ச் செடி பார்க்கும் இந்த வேலையில், கைப்பழக்கம் எதுவும் உதவாத ஒரு நாள் வரும். செருப்பைக் கழற்றுவதற்குள் வீட்டுக்காரர் ஒன்று சொல்வார், வீட்டுக்காரம்மா அதற்கு நேர் எதிராக இன்னொன்று சொல்வார், செடி இருவருக்கும் நடுவில் வாடிக்கொண்டிருக்கும். எனக்கு அப்படி ஒரு கத்திரி வெயில் காலம் வாய்த்தது. முட்டி வலி வந்து வேலையை விட்டுவிட்டேன். இருந்தாலும் இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் உட்கார்ந்து சொல்ல முடியாது. எழுந்து நடந்துகொண்டேதான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேமிராஜ் ஐயா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் வியாபாரம் செய்தவர். மூட்டை மூட்டையாக நெல் ஏலம் போகும் அந்த இரைச்சலில் அவர் குரல்தான் உரக்கக் கேட்கும். நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்து, டாக்டர் அவரை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார். கடையை மகன் பார்த்துக்கொண்டான். அவர் மனைவி விமலா, கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் போல எனக்கும் அவர் ‘டீச்சர்’தான். இருவரும் நம் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். இருட்டுவதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் வீடு. எறும்புக்குக்கூடப் பொடி தூவ மாட்டார்கள்.

மகள் ஒரு மாறுதலுக்காக அவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனபோது, ஐயா ஒரு பிளாஸ்டிக் கப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மான்கொம்புக் கன்று வாங்கி வந்தார். அதைப் பலகையில் கட்டித்தரத்தான் முதன்முதலில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். பலாப்பலகையில் ஓட்டைகள் போட்டு, தேங்காய் நாரும் ஈரம் பிடிக்கும் பாசியும் வைத்து, நைலான் நரம்பால் கட்டி, பின்கட்டில் வடக்குச் சுவரில் சன்ஷேடுக்குக் கீழே மாட்டினேன்.

“மண்ணே வேணாமா இதுக்கு?” என்றார் ஐயா.

“வேணாங்க. மரத்து மேல ஒட்டிக்கினு வாழற ஜாதி. வேர்ல ஈரமும் மேல காத்தும் இருந்தா போதும்.”

இதற்கு இரண்டு வகை இலை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் நீண்டு, மான்கொம்பு போலக் கிளைத்துத் தொங்குவது ஒன்று. அடியில் பலகையை அணைத்துக்கொண்டு கேடயம் போல வளர்வது இன்னொன்று. அந்தக் கேடய இலை பச்சையாக வந்து, பிறகு பழுப்பாகிக் காகிதம் போலக் காய்ந்துவிடும். காய்ந்ததைச் செத்தது என்று நினைத்து ஊரில் முக்கால்வாசிப் பேர் பிய்த்து எறிவார்கள். ஐயா ஒரு முறைகூட அதைத் தொட்டதில்லை. சில நாளுக்கு ஒரு தரம் பலகையைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கி வைப்பார், குமிழி அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். செஞ்சி வெயிலில், பாறையெல்லாம் சாயங்காலம்வரை அனல் கக்கும் ஊரில், அந்தச் செடி வண்டிச் சக்கரம் அகலத்துக்கு வளர்ந்தது. மேல் கேடயங்கள் சுவரிலிருந்து விரிந்து ஒரு தொட்டில் போல நின்றன.

தொட்டில் என்றேன் அல்லவா? ஒரு குருவிக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது.

அந்த மே மாதம் டீச்சர் போன் செய்தார்.

“செல்வி, எங்க இருக்கற?”

“நர்சரியிலதான் டீச்சர்.”

“போட்டது போட்டபடி கெளம்பி வா. இவுரு நான் சொல்றதக் கேக்கவே மாட்டன்றாரு.”

ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். பின்கட்டில் தொட்டி நிறையத் தண்ணீர். அதன் பக்கத்தில் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சுவரை மறைத்துக்கொண்டு, கையை விரித்தபடி டீச்சர்.

“இன்னா டீச்சர் ஆச்சு?”

“மேல பாரு. கை வெக்காத, சும்மா பாரு.”

ஸ்டூலில் ஏறி எட்டிப் பார்த்தேன். கேடய இலைகளின் மடிப்புக்குள், நாரும் குச்சியும் வைத்துக் கிண்ணம் போல ஒரு கூடு. அதில் ரோஸ் நிறத்தில், செம்புள்ளி தெளித்த மூன்று முட்டைகள். கறிவேப்பிலை மரத்தில், தலையில் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக ஒரு கொண்டைக்குருவி, எங்களைப் பார்த்து இடைவிடாமல் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பலகை கட்டியிருக்கிறேன், ஒன்றிலும் ஒரு குடும்பம் குடியேறியதில்லை.

ஆனால் செடியின் நிலைமை மோசம். கொம்பிலைகள் துவண்டு, நுனி சுருண்டு, பழைய துணி போலத் தொங்கின.

“கூட்டப் பாத்ததுலேர்ந்து இவ தண்ணியே காட்ட உடல,” என்றார் ஐயா. “இந்த அனல்ல இன்னிக்கு முக்கலன்னா செடி போயிடும்.”

“முக்கினா முட்ட போயிடும்,” என்றார் டீச்சர்.

“குருவி வேற எடத்துல கட்டிக்கும்.”

“முட்டையத் தூக்கிக்கினு போயா கட்டும்?”

“செடிக்கு மட்டும் உசுரு இல்லியா விமலா?”

“இருக்குது. ஓரறிவு. அதுங்களுக்கு ஐயறிவு. நமக்குச் சின்ன வயசுலேர்ந்தே சொல்லிக் குடுத்ததுதானே.”

ஐயா தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். கமிட்டியில் ஓங்கி ஒலித்த குரல் அப்போது மிகவும் தணிந்திருந்தது.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து நான் படுத்தே கெடந்தேன். எதுக்கு எழுந்திருக்கணும்னு இருந்துச்சு. இதுக்குத் தண்ணி காட்டணுமேன்னுதான் எழுந்தேன். நீ ஒரே வார்த்தையில ஓரறிவுன்னுட்ட.”

டீச்சரின் கைகள் கீழே இறங்கின. ஆனால் சுவரை விட்டு அவர் நகரவில்லை. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

“நீ சொல்லு செல்வி.”

உங்களுக்கும் இந்த “நீ சொல்லு” வரும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஒருவர் பக்கம் சாய்ந்து சொல்லிவிட்டால், மறுபடி அந்த வீட்டில் உங்களால் செடியைப் பார்க்க முடியாது, முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நான் கேட்டது ஒன்றுதான்.

“குடிக்கத் தண்ணி குடுங்க டீச்சர். எல்லாரும் கொஞ்சம் தள்ளி வந்து குந்துங்க.”

உட்கார்ந்தோம். நாங்கள் அடங்கியதும் குருவி அடங்கியது. மரத்திலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து சன்ஷேடு விளிம்புக்கு, அங்கிருந்து கூட்டுக்கு. வந்து உட்கார்ந்து, முட்டையை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு, எங்களையே பார்த்தது. அந்த அமைதியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. கூடு இருப்பது முன்பக்கம், மேலே. வேர் இருப்பது பின்பக்கம், பலகையை ஒட்டி. குருவிக்கு முன்வாசல், தண்ணீருக்குப் பின்வாசல்! பலகைக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுக்காக இடைவெளி விட்டு மாட்டியிருந்தேன். பலகையில் ஓட்டைகளும் இருந்தன.

“ரெண்டையும் காப்பாத்தப் பாக்கலாம்,” என்றேன். “செடி கொஞ்சம் கஷ்டப்படும் ஐயா. கொம்புல பாதி போனாலும் போகும். நடுவுல குருத்து இருக்குதே, அது தப்பிச்சா செடி தப்பிச்சுடும்.”

“அது தப்பிக்கும்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?”

“தெரியாதுங்க.”

உண்மையைத்தான் சொன்னேன். அவர் நீண்ட மூச்சு விட்டு, தொட்டித் தண்ணீரைக் கறிவேப்பிலை மரத்துக்குத் திறந்துவிட்டார். அதுதான் அவர் சம்மதம்.

மெடிக்கல் ஷாப்பில் குளுக்கோஸ் ஏற்றும் புது டியூப் ஒன்று வாங்கி வந்தேன். தண்ணீர் பாட்டிலை சன்ஷேடு மேல் வைத்து, டியூபைப் பலகைக்குப் பின்னால் இறக்கிப் பாசியில் சொருகினேன். சொட்டு விழ ஆரம்பித்தது.

“எனக்கே இத்தன டிரிப்ஸ் ஏத்தல,” என்றார் ஐயா. அன்றைக்கு முதல் தடவையாக டீச்சர் சிரித்தார்.

மறுநாள் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. மத்தியானம் போன் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், வெயிலில் பாட்டில் தண்ணீர் சூடேறி, டியூப் இளகி, சொட்டு வேகமாக விழுந்து, ஒரு கோடாகப் பலகை ஓரம் வழிந்து கூட்டுப் பக்கம் வந்திருந்தது. குருவியைக் காணோம். டியூபைப் பிடுங்கினேன். பருத்தித் துணியை முறுக்கி, கூட்டைத் தொடாமல், ஓரத்து ஈரத்தை ஒற்றி எடுத்தேன். மூவரும் வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். நேரம் போகப் போக டீச்சர் முகம் சுண்டிப்போனது. “செடியும் வாடிச்சு, முட்டையும் போச்சு” என்று சொல்ல ஐயாவுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. சொல்லவில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

கறிவேப்பிலை மரம் ஆடியது. கம்பி. சன்ஷேடு. கூடு. குருவி உட்கார்ந்துவிட்டது.

“வந்துட்டா!” என்று கத்திவிட்டு, கத்தியதற்காகத் தன் வாயையே பொத்திக்கொண்டார் ஐயா.

“செல்வி, டியூப் வேணாம்,” என்றார் டீச்சர். “மண் கலயம் வெய்யி. தண்ணி சூடாவாது. வெளக்குத் திரி மாதிரி துணியத் திரிச்சு, ஒரு முனைய கலயத்துல போட்டு, இன்னொன்னப் பாசியில சொருவு. திரி குடிக்கிற அளவுதான் எறங்கும்.”

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. சின்னக் கலயம் ஒன்றை சன்ஷேடு கொக்கியில் நிழலில் தொங்கவிட்டோம். திரி வழியாக ஈரம் நிதானமாக இறங்கியது. பலகைக்குக் கீழே ஐயா தம் பழைய சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார். அந்த மூலை மட்டும் குளுகுளுவென்று ஆனது. கொம்பிலைகளில் சில கருகின. சில அப்படியே நின்றன. குருத்து பச்சையாக இருந்தது.

அப்புறம் ஒரு காலையில் ஐயாவிடமிருந்து போன். எடுத்தால் ஒரே மூச்சு வாங்கல். நெஞ்சு வலியோ என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஐயா, இன்னா ஆச்சு?”

“மூணும் வாயத் தொறக்குதும்மா! கண்ணு கூடத் தொறக்கல, வாயத் தொறக்குது!”

அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் வேலை இருந்ததோ இல்லையோ, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நுழைந்துவிடுவேன். ஐயா நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காப்பார். எந்தக் குஞ்சுக்கு எப்போது புழு வந்தது என்று எனக்கு ஒப்பிப்பார். பூனை எட்டிப் பார்த்தால் கமிட்டிக் குரல் திரும்பி வந்துவிடும்.

ஒரு நாள் அவலூர்பேட்டையில் ஒரு வீட்டுக்குச் செடி பார்க்கப் போய்விட்டு சாயங்காலம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். செஞ்சி நெருங்க நெருங்க வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோட்டை மலைகள் புழுதியில் மறைந்துபோயின. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே தகரங்கள் பறந்தன, கரண்ட் போனது, பெரிய பெரிய துளியாக மழை அடித்தது. நான் என் வீட்டுப் பக்கம் போகவில்லை. எதிர்த்திசையில் ஓடினேன்.

பின்கட்டில் நான் பார்த்த காட்சியை மறக்கவே முடியாது. பலகை மாட்டியிருந்த இரண்டு ஆணிகளில் ஒன்று காற்றின் ஆட்டத்தில் பிடுங்கிக்கொண்டது. பலகை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. ஐயா முழுக்க நனைந்து, இரண்டு கைகளாலும் பலகையைச் சுவரோடு அழுத்திக்கொண்டு நிற்கிறார்.

“உடுங்க! டாக்டர் இன்னா சொல்லியிருக்காரு!” டீச்சர் அவர் தோளைப் பிடித்து இழுக்கிறார்.

“உட்டா உழுந்துடும்டீ!”

முதலில் யாரைக் காப்பாற்றுவது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, என் தோளைப் பலகைக்கடியில் கொடுத்தேன்.

“ஐயா, நான் புடிச்சுட்டேன். இப்ப மெதுவா கையை எடுங்க. போய்க் கயிறு எடுத்தாங்க.”

சும்மா போய் உட்காருங்கள் என்றால் அவர் போயிருக்க மாட்டார். கயிறு என்றதும் ஓடினார்.

“உள்ள தூக்கிக்கினு போயிடலாமா?” என்று டீச்சர் கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் ஊறிப்போன பலகை, ஈரத் தரை, காற்று. கழற்றும்போது ஒரு குலுக்கல் போதும், இறகு முளைக்காத குஞ்சுகள் கீழே. தாய் அவற்றைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வராது.

“வேணாம் டீச்சர். இருக்கற எடத்துலயே புடிச்சுக்கலாம். அந்தப் பெரிய தாம்பாளத்தக் கொண்டாங்க, மேல புடிங்க.”

அவர் கல்யாணச் சீராக வந்த பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து, இன்னொரு நாற்காலியில் ஏறி, கூட்டுக்கு மேலே கூரையாகப் பிடித்தார். மழை அதில் மேளம் அடித்தது. ஐயா நெல் மூட்டை கட்டும் சணல் கயிற்றைப் பலகை ஓட்டையில் நுழைத்து, ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டினார். மூட்டை கட்டிப் பழகிய கை அது. ஒரே முடிச்சில் பலகை அசையாமல் நின்றது.

அப்போதுதான் பார்த்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் தாய்க்குருவி. குஞ்சுகள் மேல் இறக்கையை விரித்துப் படுத்திருக்கிறது. நாங்கள் மூவரும் இத்தனை கத்தினோம், இடி இடித்தது, பலகை சரிந்தது, அது எழுந்திருக்கவில்லை. அலகைத் திறந்து என்னைப் பார்த்தது. கொத்தவில்லை. அதன் கழுத்து துடிப்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று கேட்காதீர்கள். இரண்டும் வந்தது.

மழை விட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. டீச்சர் சமையலை முடித்து மூடி வைத்திருந்தார், ஆனால் அவர்கள் சாப்பிடும் நேரம் கடந்துவிட்டது. இருவரும் அன்று ராத்திரி பட்டினி. எனக்கு மட்டும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தட்டு வைத்தார்கள்.

“எனக்கும் வேணாம் டீச்சர்.”

“நீ சாப்புடு. நாங்க நீ சாப்புடறதப் பாக்கறோம்,” என்றார் ஐயா. அப்படியொரு சந்தோஷம் அவர் முகத்தில். நெல் ஏலத்தில் எவ்வளவு ஜெயித்திருந்தாலும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

அந்த மழை எங்களுக்குப் பெரிய உபகாரம் செய்தது. கூடு நனையாமல், பலகை முழுக்க, வேர்வரைக்கும் ஈரம் இறங்கியிருந்தது. குஞ்சுகளுக்கு இறகு வந்தது. ஒன்று கறிவேப்பிலை மரத்துக்குப் போனது. ஒன்று துணிக் கொடிக்கு. கடைசிக் குஞ்சு நேராக ஐயாவின் நாற்காலிக் கைப்பிடியில் போய் உட்கார்ந்து, அவர் மூச்சை அடக்கிக்கொண்டு சிலையாக இருக்க, யோசித்து யோசித்துப் பிறகு பறந்தது. நான் அங்கே இல்லை. டீச்சர் மொபைலில் எடுத்து அனுப்பினார். அந்த வீடியோவைக் காட்டாமல் என்னால் யாரிடமும் இந்தக் கதையை முடிக்க முடியாது, பிறகு உங்களுக்கும் காட்டுகிறேன்.

செடிக்குச் சேதம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கொம்பிலையில் பாதிக்கு மேல் போய்விட்டது. வண்டிச் சக்கரம் போல இருந்தது, கிழிந்த குடை போல ஆனது. ஐயா கருகியதையெல்லாம் தாமே கத்தரித்தார். ஒவ்வொன்றாகக் கத்தரிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு உயிரைக் காப்பாற்ற இன்னொன்றை வருத்தச் சொன்னவள் நான்தான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். நீங்களும் நிற்க வேண்டியிருக்கும், அப்போது எழுந்து போய்விடாதீர்கள்.

காலிக் கூட்டை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு காலையில் ஐயாவே நர்சரிக்கு வந்துவிட்டார். போனில் சொல்ல முடியாதாம், வந்து பார்க்க வேண்டுமாம். அவர் வண்டியிலேயே போனேன். பின்கட்டில் டீச்சர் ஏற்கெனவே ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

குருத்திலிருந்து புதுக் கேடய இலை ஒன்று கிளம்பியிருந்தது. இளம்பச்சை, மேலே வெள்ளைப் பஞ்சு பூத்தது போல மெல்லிய ரோமம். அது மேல்நோக்கி விரிந்து, கூட்டின் விளிம்பைத் தொட்டு, அதன் மேல் ஏறிப் படர ஆரம்பித்திருந்தது. மான்கொம்பின் குணம் அது. மேலே விழுந்த சருகு, குப்பை எல்லாவற்றையும் கேடயத்துக்கடியில் சேர்த்துவைத்து, மக்கவைத்துத் தின்னும். புத்தகத்தில் ஒரு வரியாக எனக்கு அது தெரியும். ஒரு வீட்டை அது தன்னோடு சேர்த்துக்கொண்டதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

“குருவி இன்னா வெச்சுட்டுப் போச்சோ, அத்தினியும் இதுக்குச் சாப்பாடா?” என்றார் ஐயா.

“ஆமாங்க.”

அவர் விரலால் அந்தப் பச்சை விளிம்பைத் தொடப் போனார். டீச்சர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு பிடித்த கையை விடாமலே, இருவரும் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலுக்கு நான் போனபோது கூடு கண்ணுக்குத் தெரியவில்லை. பச்சைக் கேடயத்துக்கடியில் ஒரு சின்ன மேடு மட்டும் இருந்தது. அதற்கு நேர் மேலே புதுக் கொம்புகள் ஐந்தாறு, வேறெங்கும் இல்லாத தடிமனில், வெளிச்சத்தைப் பார்த்து விரிந்துகொண்டிருந்தன.